திறந்து கிடக்கும் டனல்கள்: பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்கே?

2018 ஏப்ரல் 16 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, எஃப்.பி.ஐ., பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ரஷ்ய அரசின் ஆதரவு பெற்ற ஊடுருவலாளர்கள் நிறுவனங்களின் ரவுட்டர்களுக்குள் நுழைகிறார்கள் என்றது அந்த எச்சரிக்கை. கான்ஃபிகரேஷனை அள்ளிச் செல்கிறார்கள், போக்குவரத்தைத் தங்கள் பக்கம் திருப்புகிறார்கள் என்றது. ஜி.ஆர்.இ. டனல்களைக் கவனியுங்கள் என்று பெயர் குறிப்பிட்டே சொன்னது. எதிர்பாராத முகவரிகளுக்கு ஜி.ஆர்.இ.க்குரிய 47ஆம் எண் புரோட்டோகால் பாக்கெட்டுகள் போகின்றனவா, காரணம் தெரியாத டனல்கள் பதிவுகளில் முளைத்திருக்கின்றனவா என்று தேடச் சொன்னது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இன்னோர் எச்சரிக்கை வந்தது. இம்முறை 13 நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்டன. இம்முறை குற்றம் சாட்டப்பட்டவர்கள் சீன அரசின் ஆதரவு பெற்றவர்கள். இலக்கு, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முதுகெலும்பு ரவுட்டர்களும் வாடிக்கையாளர் விளிம்பில் நிற்கும் ரவுட்டர்களும். வழிமுறை பழையது. உள்ளே நுழைகிறார்கள். ஜி.ஆர்.இ. அல்லது ஐபிசெக் டனல் ஒன்றைத் தாங்களே அமைக்கிறார்கள். தகவலை அதன் வழியே வெளியே கொண்டு போகிறார்கள்.

இடையில் ஏழு ஆண்டுகள். ஏழு ஆண்டுகளில் என்ன செய்தீர்கள்?

இது ரவுட்டர்களுக்குப் பொறுப்பானவர்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. தொலைத்தொடர்பு நிறுவனங்களை, வங்கிகளை, மருத்துவமனைகளை, அரசு அலுவலகங்களை நடத்துபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கள் நெட்வொர்க்கில் எத்தனை டனல்கள் ஓடுகின்றன என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது எச்சரிக்கையில் ஒரு செய்தி உண்டு. அதைப் படித்தவர்கள் கூசியிருக்க வேண்டும். ஊடுருவியவர்களுக்கு எவரும் அறியாத புதிய ஓட்டை எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை என்று அது சொல்கிறது. ஏற்கெனவே அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியிடப்பட்ட ஓட்டைகளே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. அந்தப் பட்டியலில் சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் உள்ள ஓட்டையும் இருக்கிறது. அதற்கான திருத்தம் 2018 மார்ச்சில் வந்துவிட்டது.

இரண்டாவது எச்சரிக்கைக்கு ஒரு வாரம் முன்பு, 2025 ஆகஸ்ட் 20 அன்று, எஃப்.பி.ஐ. தனியாக வெளியிட்ட எச்சரிக்கையும் இதே ஓட்டையைப் பற்றியதுதான். அங்கே நுழைந்தவர்கள் ரஷ்ய உளவுத்துறையினர். அவர்களும் ஜி.ஆர்.இ. டனல் அமைத்துத் தங்களுக்கு வேண்டிய போக்குவரத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக்குழு கண்டறிந்தது. ஓட்டை ஒன்று. திருத்தம் ஒன்று. அதைப் போடாமல் ஏழு ஆண்டுகள் ரவுட்டரை ஓட்டியவர்கள் யார்? அவர்களிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா?

விஷயம் என்ன என்பதைப் பொறியாளர் அல்லாத வாசகரும் அறிய வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு தலைமையகம் இருக்கும். பல ஊர்களில் கிளைகள் இருக்கும். எல்லாவற்றையும் தனிக் கம்பி போட்டு இணைத்தால் செலவு கட்டுப்படியாகாது. எனவே பொது இணையத்தின் மீதே, ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொரு ரவுட்டருக்கு ஒரு கற்பனைப் பாதையை அமைக்கிறார்கள். அதுதான் டனல். அதன்மீது ஓடும் நிறுவனத்தின் உள் நெட்வொர்க்தான் வி.பி.என். சம்பளப் பட்டியல், நோயாளிகளின் கோப்பு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அந்தப் பாதையில்தான் போகின்றன.

ஜி.ஆர்.இ. என்பது அந்தப் பாதையை அமைக்கும் முறைகளில் பழையது, எளியது. 1994இல் ஆவணமானது. 2000 மார்ச்சில் செம்மைப்படுத்தப்பட்டது. உள்ளே போக வேண்டிய பாக்கெட்டை எடுக்கிறது. அதன் முன்னால் நான்கு பைட் ஜி.ஆர்.இ. ஹெடரையும் இருபது பைட் புதிய ஐ.பி. ஹெடரையும் ஒட்டுகிறது. அனுப்புகிறது. வேலை முடிந்தது. கண்ணாடித் தாளில் சுற்றிய கடிதத்தைப் போல, வழியில் இருக்கும் எவரும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம்.

ஜி.ஆர்.இ.யில் மறையாக்கம் இல்லை. அனுப்பியவர் யார் என்ற சோதனை இல்லை. விரும்பினால் ஒரு 32 பிட் எண்ணை ஹெடரில் சேர்க்கலாம். அந்த எண்ணும் மறைக்கப்படாமலே போகிறது. அதைப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுக்கும் எவரும் தன் வேலையைச் செய்யவில்லை.

ஜி.ஆர்.இ. இப்படித்தான் என்பதை அதை எழுதியவர்கள் மறைக்கவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் அதன்மேல் மறையாக்கமும் அடையாளச் சோதனையும் தரும் ஐபிசெக் போட வேண்டும் என்பது துறையில் நுழையும் எந்த மாணவருக்கும் சொல்லித்தரப்படும் பாடம். பழைய ஐபிசெக் முறை தனியாக மல்டிகாஸ்ட்டை, அதாவது ஒரே பாக்கெட்டைப் பலருக்கு அனுப்புவதை, சுமக்காது. மல்டிகாஸ்ட்டை நம்பும் ரவுட்டிங் புரோட்டோகால் கிளைகளுக்கிடையே ஓட வேண்டுமென்றால் ஜி.ஆர்.இ. வேண்டும். தகவல் மறைவாகப் போக வேண்டுமென்றால் ஐபிசெக் வேண்டும். எனவே இரண்டையும் சேர்த்துப் போடுவது. இதுதான் முறை. இதில் பாதியைச் செய்துவிட்டு நிறுத்துவதுதான் நடக்கிறது.

எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பெல்ஜியத்தின் கே.யூ. லூவன் பல்கலைக்கழகத்தில் மாதி வான்ஹோஃபும் ஏஞ்சலோஸ் பைடிஸும் இணையம் முழுவதையும் சோதித்தார்கள். 2025 ஜனவரியில் முடிவு வெளியானது. அனுப்பியவர் யார் என்று கேட்காமலே டனல் பாக்கெட்டுகளை ஏற்றுக்கொண்டு, பிரித்து, உள்ளிருப்பதை அப்படியே முன்னனுப்பும் கணினிகளும் ரவுட்டர்களும் 40 லட்சத்துக்கு மேல். அவற்றில் வி.பி.என். சர்வர்கள் இருந்தன. இணைய நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுத்த ரவுட்டர்கள் இருந்தன. இணையத்தின் மையப் பகுதியில் நிற்கும் ரவுட்டர்களும் இருந்தன.

இதன் பொருள் கடுமையானது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் ஒரு பாக்கெட்டைச் செய்து அனுப்பலாம். உங்கள் ரவுட்டர் அதைப் பிரித்து, உங்கள் முகவரியிலிருந்து வந்தது போல் வேறொருவர் மீது எறியும். தாக்குதல் உங்கள் பெயரில் நடக்கும். சில இடங்களில் அந்தப் பாக்கெட் உங்கள் உள் நெட்வொர்க்குக்குள்ளேயே போய் விழும்.

இதுவும் முதல் எச்சரிக்கை அல்ல. ஜி.ஆர்.இ.யின் உடன்பிறப்பான ஐ.பி.-இன்-ஐ.பி. டனலில் இதே குறை 2020இலேயே அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் செர்ட் மையம் தயாரிப்பாளர்களுக்கும் பயனர்களுக்கும் எழுதியது. ஐந்தாண்டு கழித்து அதே மையம் அதே குறையைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டி வந்தது.

இனி, இது அலுவலகங்களுக்குள் எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். பொறுப்பு எங்கே நழுவுகிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

புதிய கிளை திறக்கிறது. திங்கட்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமை மாலை ரவுட்டர் வந்து சேர்கிறது. டனல் போடப்படுகிறது. இரு முனைகளிலும் இடைமுகம் ‘அப்’ என்று காட்டுகிறது. பிங் போகிறது, பதில் வருகிறது. டிக்கெட் மூடப்படுகிறது. மேலாளர் நன்றி மின்னஞ்சல் அனுப்புகிறார்.

இந்தச் சோதனையில் எதுவும் சோதிக்கப்படவில்லை. ஜி.ஆர்.இ. டனல் எதிர்முனையின் நிலையைத் தானாக அறியாது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் கீப்அலைவ் போடப்படாவிட்டால், எதிர்முனை முகவரிக்கு ரவுட்டரிடம் ஒரு வழி இருந்தாலே அது ‘அப்’ என்று காட்டும். அந்தப் பக்கம் ரவுட்டர் அணைந்து கிடந்தாலும் காட்டும். பிங் பதில் வருவது பாதை இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பாதை மறைவானதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. மறையாக்கப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று ஒரே ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். டிக்கெட்டை மூடும் முன் அந்த எண்ணைப் பார்த்துக் குறித்து வை என்று விதி போட்ட நிறுவனங்கள் எத்தனை?

அடுத்தது இன்னும் மோசம். ஐபிசெக் போட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் புகார் வருகிறது. சிறிய மின்னஞ்சல் போகிறது, பெரிய கோப்பு பாதியில் நிற்கிறது. உள் இணையதளம் பாதி திறந்து உறைகிறது. கிளை மேலாளர் கத்துகிறார்.

காரணம் பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். ஜி.ஆர்.இ. 24 பைட்டைச் சேர்க்கிறது. ஐபிசெக் அதன்மேல் இன்னும் பல பத்து பைட்டுகளைச் சேர்க்கிறது. 1500 கொள்ளாமல் போகிறது. பெரிய பாக்கெட்டைச் சிறிதாக்கு என்று வழியில் உள்ள ரவுட்டர் அனுப்பும் ஐ.சி.எம்.பி. செய்தியை நடுவில் எவருடைய ஃபயர்வாலோ தடுத்துவிடுகிறது. பாக்கெட் சத்தமின்றி மறைகிறது.

தீர்வு இரண்டு வரி. டனல் இடைமுகத்தில் பாக்கெட்டின் உச்ச அளவை (எம்.டி.யூ.) 1400 என்று வை. அதனுள் போகும் தகவலின் உச்ச அளவை (டி.சி.பி. எம்.எஸ்.எஸ்.) 1360 என்று வை. சிஸ்கோவின் வழிகாட்டிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் அளவுகள் இவை.

இந்த இரண்டு வரிகளை அறியாதவர் அன்று பணியில் இருந்தால் என்ன நடக்கிறது? மறையாக்கத்தை எடுத்துப் பார்க்கிறார். கோப்பு போகிறது. கிளை மேலாளர் கத்துவதை நிறுத்துகிறார். ‘தற்காலிகமாக’ என்று டிக்கெட்டில் எழுதுகிறார். அந்தத் தற்காலிகத்துக்குத் தேதி கிடையாது. அதை மறுபடி திறந்து பார்ப்பவர் கிடையாது. அந்த நிமிடத்திலிருந்து நிறுவனத்தின் தகவல் பொது இணையத்தில் வெளிப்படையாக ஓடுகிறது. வரைபடத்தில் மட்டும் பூட்டுச் சின்னம் அப்படியே இருக்கிறது.

குற்றம் அன்று பணியில் இருந்தவருடையது என்று கைகாட்டுவது இனி செல்லாது. உலகின் பல நிறுவனங்களின் நெட்வொர்க்குகளைச் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து இரவெல்லாம் கண்காணிப்பவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் கொடுக்கப்படும் அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை நிமிடத்தில் டிக்கெட் மூடப்பட்டது. பயிற்சி கொடுக்காதவர், சரிபார்க்க இரண்டாவது ஆளை வைக்காதவர், நிமிடக் கணக்கை மட்டும் கேட்டவர், அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் மேலே இருக்கிறார்.

அடுத்து, சாவி.

ஐபிசெக் டனலின் இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காண ஒரு ரகசியம் வேண்டும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனிச் சான்றிதழ் கொடுப்பது முறை. அதற்கு உழைப்பு வேண்டும். எனவே பகிர்ந்த சாவி ஒன்றை வைக்கிறார்கள். அதுவும் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சாவி. அதையும் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள் என்று சுழியங்களால் எழுதி வைக்கிறார்கள். கிளைகளின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஐம்பது கிளைகள் இருந்தால் ஐம்பது அலமாரிகளில் அதே சாவி. ஒரு கிளையின் ரவுட்டர் களவு போனால் ஐம்பதும் போயிற்று.

சிஸ்கோ ரவுட்டரில் அந்தச் சாவி கான்ஃபிகரேஷன் கோப்பில் வெறும் எழுத்தாகவே தெரியும். ஏ.இ.எஸ். கொண்டு அதை மறைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்க இரண்டு கட்டளை போதும். அதையும் செய்வதில்லை. கான்ஃபிகரேஷன் கோப்பு பேக்கப் சர்வரில் இருக்கிறது. மின்னஞ்சல் இணைப்பில் இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியில் இருக்கிறது. அவர் வேலை மாறிப் போன பிறகும் சாவி மாறுவதில்லை.

இந்தச் சாவிகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதும் தெரியும். ஸ்லோவாக்கியாவின் இசெட் நிறுவனம் 2023 ஏப்ரலில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழைய சாமான் சந்தையில் 18 நிறுவன ரவுட்டர்களை அவர்கள் வாங்கினார்கள். சிஸ்கோ, ஃபோர்ட்டிநெட், ஜூனிப்பர் சாதனங்கள். ஒன்பதில் முந்தைய உரிமையாளரின் கான்ஃபிகரேஷன் முழுதாக இருந்தது. அந்த ஒன்பதில் ஒன்று விடாமல் ஐபிசெக் அல்லது வி.பி.என். சான்றுகளோ ஹாஷ் செய்த ரூட் பாஸ்வேர்டுகளோ கிடைத்தன. ஒன்பதிலும் அது எந்த நிறுவனத்துடையது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்தது.

அழிப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். தயாரிப்பாளர்கள் அதற்கான வழிமுறையை எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அழித்தோம் என்று சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைத்தவர்களும் உண்டு. சாதனத்தைத் திறந்து பார்த்தவர் இல்லை. இதைவிட வெட்கக்கேடு, ஆய்வாளர்கள் தொடர்புகொண்டு உங்கள் ரகசியம் எங்கள் மேசையில் இருக்கிறது என்று சொன்னபோது பதிலே தராத நிறுவனங்களும் இருந்தன.

மறையாக்கத்தின் தரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதை ஒன்றே. ஐபிசெக்கின் சாவி பரிமாற்ற முறையான ஐ.கே.இ.யின் முதல் பதிப்பு 1998இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. இரண்டாம் பதிப்பு 2005இலேயே வந்துவிட்டது. முதல் பதிப்பை இணையப் பொறியியல் பணிக்குழு 2023 ஏப்ரலில் வரலாற்று ஆவணம் என்று ஒதுக்கி, இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்தது. டி.இ.எஸ். மறையாக்கத்தை எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய இயந்திரம் 1998 ஜூலையில் 56 மணி நேரத்தில் உடைத்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள், சிஸ்கோ ரவுட்டரில் எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் ஐ.கே.இ. கொள்கை அதே டி.இ.எஸ்.ஸை எடுத்துக்கொண்டது. உடைந்தது என்று உலகறிந்த ஒன்றை இயல்பு நிலையாக வைத்தது தயாரிப்பாளரின் பிழை. அதை மாற்றாமல் விட்டது வாங்கியவரின் பிழை.

2015இல் லாக்ஜாம் ஆய்வு வந்தது. சாவி பரிமாற்றத்தில் ஏராளமான சர்வர்கள் ஒரே 1024 பிட் பகா எண்ணைப் பகிர்ந்துகொள்வதை அது காட்டியது. ஒரு பெரிய அரசு தன் பணத்தையும் கணினிகளையும் கொட்டி அந்த எண்ணை ஒருமுறை உடைத்தால், ஐபிசெக் வி.பி.என். சர்வர்களில் 66 சதவீதத்தை ஒட்டுக்கேட்க முடியும் என்று மதிப்பிட்டது. 2017இல் பணிக்குழுவே அந்த எண்ணைத் தவிர்க்கச் சொன்னது. இன்றும் கான்ஃபிகரேஷன்களில் அந்த எண்ணைக் குறிக்கும் ‘குரூப் 2’ என்ற வரி இருக்கிறது. பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியது. ஒட்டியவர் அதைப் படிக்கவில்லை. அனுமதித்தவரும் படிக்கவில்லை.

தயாரிப்பாளர்களையும் விட்டுவிட முடியாது. ஜூனிப்பரை எடுத்துக்கொள்வோம்.

2015 டிசம்பர் 17 அன்று அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நெட்ஸ்கிரீன் சாதனங்களில் ஓடும் ஸ்கிரீன்ஓ.எஸ். மென்பொருளில் அனுமதியற்ற நிரல்வரிகள் இருப்பதைத் தன் உள் பரிசோதனையில் கண்டதாகச் சொன்னது. பலன் இரண்டு. ரகசியப் பாஸ்வேர்டு ஒன்றை அறிந்தவர் சாதனத்துக்குள் நிர்வாகியாக நுழையலாம். போக்குவரத்தை வழியில் பார்க்க முடிந்தவர் வி.பி.என்.னை மறைநீக்கிப் படிக்கலாம். இரண்டாவது குறை 2012இல் வெளியான பதிப்புகளிலிருந்தே இருந்தது. மூன்றாண்டுக்கு மேல், ஐபிசெக்கை முறைப்படி போட்டவர்களின் டனல்களும் யாரோ ஒருவருக்குத் திறந்தே கிடந்தன.

அது எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் கோபம் கூடுகிறது. சாவிகளுக்குத் தேவையான, கணிக்க முடியாத எண்களை உருவாக்க டூயல் ஈ.சி. என்ற முறையை அந்த மென்பொருள் பயன்படுத்தியது. அந்த முறையில் ஒரு மாறிலி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தவர் நினைத்தால் வரப்போகும் எண்களை முன்கூட்டியே கணிக்க முடியும் என்று மைக்ரோசாஃப்ட்டைச் சேர்ந்த இருவர் 2007இலேயே மாநாட்டு மேடையில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மறு ஆண்டு, 2008இல், ஜூனிப்பர் அதை மென்பொருளில் சேர்த்தது.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட அமெரிக்க உளவு ஆவணங்கள் வெளியாகி டூயல் ஈ.சி. மீது உலகமே சந்தேகம் கொண்டது. ஜூனிப்பர் என்ன சொன்னது? எங்கள் சாதனத்தில் அதன் வெளியீடு நேரடியாகப் பயன்படுவதில்லை, இன்னொரு முறையின் வழியே போகிறது, எனவே பாதிப்பில்லை என்றது. 2015இல் ஆய்வாளர்கள் நிரலைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த இன்னொரு முறை இயங்கவே இல்லை. நிரலில் இருந்த ஒரு பிழை அதைத் தாண்டிப் போனது. டூயல் ஈ.சி.யின் வெளியீடு அப்படியே வெளியே வந்தது. 2012இல் யாரோ உள்ளே நுழைந்து மாறிலியை மட்டும் மாற்றிவிட்டார்கள். அவ்வளவே தேவைப்பட்டது.

பாதுகாப்பானது என்று உறுதி சொல்லும் முன் தங்கள் நிரலைத் தாங்களே ஓட்டிப் பார்க்கவில்லை. வாங்கியவர்களும் அந்த வாக்கை நம்பி விட்டுவிட்டார்கள். இங்கேயும் அதே குறை: செயல்படுகிறது, எனவே சரி.

2020 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜூனிப்பருக்குக் கடிதம் எழுதினார்கள். 2015இல் தொடங்கிய விசாரணை என்ன ஆனது, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். யார் மாற்றினார், எந்தக் கதவு வழியே வந்தார், எந்த அதிகாரி அதைக் காணத் தவறினார் என்பதை முழுமையாகச் சொல்லும் விசாரணை அறிக்கையை அந்த நிறுவனம் பொதுமக்கள் முன் வைக்கவில்லை. அந்தச் சாதனங்களை நம்பித் தங்கள் ரகசியங்களை அனுப்பிய ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

இவ்வளவும் ஏன் நடக்கிறது? டனலுக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரு பொறுப்பாளர் இல்லை. தலைமையக முனை நெட்வொர்க் குழுவிடம். கிளை முனை ஒப்பந்தக்காரரிடம். நடுவில் உள்ள இணைப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம். சாவி பாதுகாப்புக் குழுவிடம் இருக்க வேண்டும். அது அங்கே இல்லை. விபத்து நடந்தால் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஆடிட்டர் வருகிறார். வி.பி.என். உண்டா என்று கேட்கிறார். உண்டு என்கிறார்கள். கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் போகிறார்.

நிர்வாகக் குழுக்களின் அலட்சியம் இங்கே தனியாகக் கண்டிக்கப்பட வேண்டும். ஃபயர்வால் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். புதிய சாதனத்தின் படத்தை ஆண்டறிக்கையில் போடுகிறார்கள். பழைய ரவுட்டரில் என்ன ஓடுகிறது என்று கேட்பதில்லை. தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்து ஆண்டுகள் ஆன ரவுட்டரை ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று வைத்திருக்கிறார்கள். எஃப்.பி.ஐ.யின் 2025 எச்சரிக்கையில் வந்தவை இப்படி ஆதரவு முடிந்த சாதனங்களே.

நாம் கேட்பவை புதியவை அல்ல. செய்ய முடியாதவையும் அல்ல.

ஒவ்வொரு நிறுவனமும் தன் ரவுட்டர்களில் உள்ள எல்லா டனல்களையும் எண்ண வேண்டும். எண்ணிக்கை கான்ஃபிகரேஷனிலிருந்து வர வேண்டும், வரைபடத்திலிருந்து அல்ல. ஒவ்வொரு டனலுக்கும் ஒரு பெயர் எதிரில் இருக்க வேண்டும். குழுவின் பெயர் போதாது. மனிதரின் பெயர் வேண்டும். அந்த மனிதர் வேலை மாறும் நாளில் பொறுப்பு கையெழுத்தோடு கைமாற வேண்டும். பெயர் சொல்ல முடியாத டனலை ஊடுருவியவர் அமைத்ததாகவே கருதி விசாரிக்க வேண்டும். 2018இலும் 2025இலும் தரப்பட்ட அறிவுரை அதுதான்.

பொது இணையத்தைத் தொடும் எந்த ஜி.ஆர்.இ. டனலும் ஐபிசெக் இல்லாமல் ஒரு நாளும் ஓடக் கூடாது. பிழை தேடுவதற்காக மறையாக்கத்தை எடுத்தால் மணிக்கணக்கில் காலக்கெடு வேண்டும். கெடு முடிந்ததும் டனலே நின்றுபோக வேண்டும். வெளி இடைமுகத்தில் 47ஆம் எண் புரோட்டோகாலைத் தெரிந்த முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதிக்க வேண்டும். இது நான்கைந்து வரி வேலை. இதைச் செய்யாமல் இருக்க எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

எல்லா முகவரிக்கும் பொதுவான பகிர்ந்த சாவி ஒழிய வேண்டும். சான்றிதழ் வர வேண்டும். அது வரும்வரை கிளைக்கு ஒரு சாவி, ஆண்டுக்கு ஒரு மாற்றம், ஆள் விலகினால் அன்றே மாற்றம். ஐ.கே.இ. முதல் பதிப்பு, டி.இ.எஸ்., 3டி.இ.எஸ்., எம்.டி.5, குரூப் 2 ஆகிய பலவீனமான முறைகள் கோப்பில் எங்கே இருந்தாலும் நீங்க வேண்டும். எதிர்முனை பழைய சாதனம் என்பது சாக்கு. பழைய சாதனத்தை மாற்ற வேண்டும்.

இணைய நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொய்யான மூல முகவரியோடு வரும் பாக்கெட்டைத் தங்கள் எல்லையிலேயே தடுக்க வேண்டும் என்று 2000 மே மாதத்திலேயே பரிந்துரை எழுதப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் தடுக்காதவர்களுக்கு ஒழுங்குமுறை ஆணையங்கள் காலக்கெடு விதிக்க வேண்டும். மீறினால் அபராதம் விதிக்க வேண்டும்.

தயாரிப்பாளர்கள் பலவீனமான முறைகளை மென்பொருளிலிருந்து அகற்ற வேண்டும். விரும்பினால் அணைத்துக்கொள்ளலாம் என்று வைப்பது போதாது. மறையாக்கமில்லாத டனல் பொது முகவரியில் அமைக்கப்பட்டால் ரவுட்டரே உரக்கச் சொல்ல வேண்டும். பகிர்ந்த சாவி கோப்பில் வெறும் எழுத்தாகத் தெரியும் நிலை முடிய வேண்டும். ஊடுருவல் நடந்தால் விசாரணை அறிக்கை வெளிவர வேண்டும்.

விற்கப்படும் ஒவ்வொரு பழைய ரவுட்டரையும் வெளியே அனுப்பும் முன் இயக்கிப் பார்த்து, உள்ளே எதுவும் இல்லை என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தக்காரரின் சான்றிதழ் அந்தக் கையெழுத்துக்கு மாற்றாகாது.

நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே தங்கள் தகவல் தொழில்நுட்பத் தலைவரிடம் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். நம்மிடம் எத்தனை டனல்கள் உள்ளன? அவற்றில் மறையாக்கம் இல்லாமல் ஓடுபவை எத்தனை? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார்? பதில் எண்ணாகவும் பெயராகவும் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தலைவர் அந்தப் பதவியில் ஏன் நீடிக்க வேண்டும் என்பதைக் குழு அதே கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.